தோட்டத்துக் கதைக்கு ஒரு வலைப்பூ



இந்நேரம் பொழுது சாய்ந்திருக்கும். செம்பனைக் குலை தள்ளிவிட்டு வந்தவர்கள் குளித்து முடித்து அமர்ந்திருப்பீர்கள். தாய்மார்கள் அடுப்படியில் இருந்தபடியே வானொலிக்குச் செவி கொடுத்திருப்பீர்கள். உங்கள் வேலைக்கு இடையூறு இல்லாமல் ஒரு செய்தியைப் பேசிக்கொண்டிருக்க விரும்புகிறேன். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழில் எழுதுவது பற்றியது அது. ‘வலைப்பூ’ என்று அதற்கு ஓர் அழகான பெயர் உண்டு.

“அதெல்லாம் படித்த பிள்ளைகளுடைய சமாசாரம், நமக்கென்ன?” என்று யாரேனும் வானொலியை அடைத்துவிட வேண்டாம். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவன்தான். என் மனம் எப்படி மாறியது என்பதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சிகாமட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பிறகு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தேன். மாலை நேரங்களில் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து பழங்கதை கேட்பது என் வழக்கம். எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தக் கங்காணி அழைத்து வந்தார், பெரட்டுக்கு எத்தனை மணிக்கு மணி அடித்தார்கள், காண்டாவில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தார்கள், ஆயாக் கொட்டகையில் விட்டுப் போன குழந்தை என்ன ஆனது என்பன போன்ற செய்திகளையெல்லாம் பள்ளி நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தேன். அப்படி ஏழு புத்தகங்கள் சேர்ந்தன.

அவற்றுள் ஒன்று முழுவதும் சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களைப் பற்றியது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942-லும் 1943-லும், சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ரயில் பாதை போட்டார்கள். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பத்தாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர் ஒருவர். அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தம்மோடு போன தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதினேன். சில நாளில் அவரும் காலமானார்.

2006-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜொகூரில் வந்த பெருவெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிகாமட், கோத்தா திங்கி, குளுவாங் எல்லாம் நீரில் மிதந்தன. மறு மாதமே மீண்டும் ஒரு வெள்ளம். இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டுத் துயர் துடைப்பு மையங்களுக்குப் போனார்கள். நாங்களும் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது, அலமாரியின் அடித்தட்டில் இருந்த என் ஏழு புத்தகங்களும் சேற்றில் ஊறிக் களிமண் கட்டியாகக் கிடந்தன. வெயிலில் வைத்தேன், ஏடு ஏடாகப் பிரித்துப் பார்த்தேன். மை கரைந்து நீலக் கறைதான் மிஞ்சியது. பெரியப்பா சொன்ன பெயர்களில் இரண்டோ மூன்றோதான் என் நினைவில் நின்றன.

நேயர்களே, அந்த எழுத்துக்கு ஒரு படி இருந்திருந்தால்கூட இந்த இழப்பு நேர்ந்திராது. என் மகன் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, “அப்பா, இதையெல்லாம் கணினியில் ஏற்றி வையுங்கள்” என்று சொன்னான். நான்தான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? காரணம் மூன்று. முதலாவது அச்சம். தவறான பொத்தானை அழுத்தினால் இயந்திரம் கெட்டுப் போகுமோ என்ற பயம். இரண்டாவது வெட்கம். ஊருக்கே எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன், சின்னப் பிள்ளையிடம் போய் எழுத்துக் கற்றுக்கொள்வதா என்ற எண்ணம். மூன்றாவதுதான் எனக்கு நியாயமாகவே தோன்றிய காரணம். 1990-களில் நண்பர் ஒருவர் கணினியில் தமிழில் கடிதம் தட்டி அனுப்பினார். எங்கள் பள்ளிக் கணினியில் திறந்தால் ஓர் எழுத்துகூடத் தமிழாக இல்லை. பூச்சி ஊர்ந்தது போல ஏதேதோ குறிகள். “தமிழுக்கு இது ஒத்து வராது” என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவு தவறு என்று பிறகு தெரிந்தது. ஏன் அப்படிப் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ‘அ’ என்றால் இன்ன எண், ‘க’ என்றால் இன்ன எண் என்று நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். அந்நாளில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தார்கள். ஒரு தோட்டத்துச் செக்ரோலில் 12-ஆம் எண் ஒருவருக்கு என்றால், பக்கத்துத் தோட்டத்தில் அதே எண் வேறொருவருக்கு இருக்கும் அல்லவா? அந்தச் செக்ரோலை இந்தத் தோட்டத்துக் கிராணி படித்தால் என்ன குழப்பம் வருமோ, அதுதான் கணினியிலும் வந்தது.

இதற்குத் தீர்வாக வந்ததே ‘யூனிக்கோடு’ என்னும் ஒருங்குறி. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே செக்ரோல் அது. அதில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டது. எனினும் அது வீட்டுக் கணினிகளுக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. விண்டோஸ் 2000 என்னும் கணினி அமைப்பிலும், அதற்குப் பின் வந்தவற்றிலும் ஒருங்குறித் தமிழ் உள்ளேயே அமைந்து வந்தது. அதன் பிறகு, ஜொகூரில் தட்டிய தமிழ் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அப்படியே தெரிந்தது.

இந்த வேலையில் முன் நின்றவர்கள் எங்கோ தொலைதூரத்தில் இருந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். நம் பாலத்துக்கு அக்கரையில், சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமி என்னும் தமிழாசிரியர் இருந்தார். சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995-லேயே இணையத்தில் தமிழ் எழுத்தை ஏற்றிக் காட்டிய முன்னோடி அவர். ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவர் என்றும் அவரைப் போற்றுவார்கள். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடக்கவும் அவர் முயற்சி முக்கியக் காரணம். 1999-இல் அவர் மறைந்தார்.

நம் நாட்டில் முத்து நெடுமாறன் இருக்கிறார். அவர் தந்தையார் கவிஞர் முரசு நெடுமாறன், சிலாங்கூர் கேரித் தீவில் பிறந்து தமிழாசிரியராகப் பணி செய்தவர். ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருந்தொகுப்பை 1997-இல் வெளியிட்டவர். மகன் முத்து 1985-இல் கணினியில் தமிழைக் கொண்டுவரும் முயற்சியைத் தொடங்கி, ‘முரசு அஞ்சல்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று கைப்பேசியில் தமிழில் எழுதும் ‘செல்லினம்’ வெளியீடு கண்டது. 2013-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனில் அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரண்டு விசைமுகங்களையும் சேர்த்தது. தமிழுக்கு இது ஒத்து வராது என்று நான் முடிவு கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், நம்மவரே அதை ஒத்து வரச் செய்துகொண்டிருந்தார்கள்!

சரி, வலைப்பூ என்றால் என்ன? இணையத்தில் ஒருவர் தமக்கென்று வைத்துக்கொள்ளும் நாட்குறிப்புப் புத்தகம் என்று சொல்லலாம். இன்று ஒரு பக்கம் எழுதினால் அது தேதியோடு பதிவாகும். நாளை எழுதினால் அது மேலே நிற்கும். பழையது கீழே போகும். ஆனால் தொலையாது. ஆண்டு வாரியாக, மாத வாரியாகத் தேடி எடுக்கலாம். படிப்பவர் அதன் கீழேயே தம் கருத்தை எழுதலாம். 1999-இல் ‘பிளாகர்’ என்னும் சேவை வந்த பிறகு, கணினி நுணுக்கம் தெரியாதவர்களும் காசு செலவில்லாமல் இதைத் தொடங்க முடிந்தது. 2003-ஆம் ஆண்டிலிருந்து தமிழ் வலைப்பூக்கள் மலரத் தொடங்கின. ‘எ-கலப்பை’ என்ற பெயரில் தமிழ் தட்டும் கருவியை ஆர்வலர்கள் இலவசமாகவே கொடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் காசி ஆறுமுகம் 2004-இல் ‘தமிழ்மணம்’ என்ற தளத்தைத் தொடங்கி, அங்கங்கே எழுதப்பட்ட தமிழ்ப் பதிவுகளை ஒரே பந்தலின் கீழ்த் திரட்டினார்.

நம் மலேசிய எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவை அறிவீர்கள். கெடா மாநிலத்தில் பிறந்து, இதே வானொலித் துறையில் பணியாற்றி, பின் பேராசிரியரானவர். பேனா பிடித்துப் பழகிய தலைமுறையைச் சேர்ந்த அவர், கணினித் தமிழை வரவேற்று இணையத்திலும் எழுதினார். 2016-இல் மறையும் வரை எழுத்தை விடவில்லை.

என் கதைக்கு வருகிறேன். 2008-இல் என் பேத்தி இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு விடுமுறை நாளில், “தாத்தா, பெரியப்பா தாத்தா கதையைச் சொல்லுங்க, நான் தட்டுறேன்” என்றாள். நான் சொன்னேன், அவள் தட்டினாள். திரையில் தமிழ் தெளிவாக வந்தது. ஓர் இடத்தில் அவள் ‘லயம்’ என்பதை ‘இலயம்’ என்று தட்டிவிட்டாள். “இப்படிக் கொடு” என்று விசைப்பலகையை இழுத்து நானே திருத்தப் போனேன். அந்த ஒரு சொல்லில்தான் என் பயம் உடைந்தது. இயந்திரம் வெடிக்கவில்லை, கெடவும் இல்லை.

தமிழ் 99 விசைப்பலகையில் நம் 247 எழுத்துக்கும் 247 பொத்தான் கிடையாது. உயிர் 12, மெய் 18, இவற்றோடு ஆய்தமும் புள்ளியும். முக்கியமாகத் தெரிய வேண்டியவை இவ்வளவுதான். ‘ப’வைத் தட்டி அடுத்து ‘ஆ’வைத் தட்டினால் ‘பா’. பிறகு ‘ல’வும் புள்ளியும். ‘பால்’ என்ற சொல் வந்துவிடும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்று நாம் முதலாம் ஆண்டில் சொல்லிக் கொடுக்கும் இலக்கணமே இந்தக் கருவிக்கும் இலக்கணம். முப்பது ஆண்டு அதைக் கற்பித்துவிட்டு நான் பயந்தது வேடிக்கைதான்! முதல் நாள் மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு மாதத்தில் ஒரு பக்கம் தட்டும் பழக்கம் வந்தது.

வலைப்பூவில் எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். யார் படிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஏழாவது பதிவின் கீழே ஓர் அம்மையார் எழுதியிருந்தார். எங்கள் லயத்திலேயே பிறந்து ஜொகூர் பாருவுக்குக் குடிபோனவராம். “ஐயா, மாரியம்மன் கோயில் வாசலில் இருந்தது அரசமரம் இல்லை, வேப்பமரம்” என்று திருத்தியிருந்தார். எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. அந்த மரத்தை நினைவில் வைத்திருந்த இன்னொரு மனிதர் இருக்கிறார் அல்லவா!

சில மாதங்கள் கழித்து சிங்கப்பூரிலிருந்து ஓர் இளைஞர் எழுதினார். அவருடைய பாட்டனாரும் எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. அதன் பின்புறம், சேர்ந்து போன ஆறு பேரின் பெயர்களை அவர் பாட்டி யாரையோ கொண்டு எழுதி வைத்திருந்தார். அந்தப் பெயர்களைத் தட்டி அனுப்பினார். பெரியப்பா தம் வாயால் சொல்லி நான் எழுதிய பெயர்கள்! படித்தபோது ஒவ்வொருவர் முகத்தையும் அவர் எனக்கு வருணித்தது நினைவுக்கு வந்தது. வெள்ளம் கொண்டுபோன ஏழு புத்தகங்களில் அரைப் பக்கம் இப்படித் திரும்பக் கிடைத்தது. மற்றவை கிடைக்கவில்லை.

தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் இருந்தது. யார் வேலைக்கு வந்தார், எத்தனை இறாத்தல் பால் கொண்டுவந்தார், என்ன சம்பளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த மனிதர் யார், எதற்காகச் சிரித்தார், எதற்காக அழுதார் என்பது அதில் இராது. அதை நாம்தான் எழுத வேண்டும். இப்போது தோட்டங்களின் நிலையும் உங்களுக்குத் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியும் போயின. லயம் இடிக்கப்பட்டது, மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்டால் சொல்ல ஆள் வேண்டாமா? சயாம் ரயில் பற்றி ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993-இல் வந்தது. இப்படிச் சில நூல்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு லயத்தின் கதையையும் எழுத எழுத்தாளர்கள் வந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

“எங்களுக்கு எழுத வருமா?” என்று தயங்க வேண்டாம். 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகை வாயிலாகவே நம் மக்களுக்குக் கதை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளை எழுத வைத்தது. அன்று பத்திரிகை இடம் கொடுத்தால்தான் எழுத்து வெளிவரும். இன்று அந்த இடத்தை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

தட்ட வராத பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. 2017 முதல் கூகுளின் கைப்பேசி விசைப்பலகையில் தமிழைப் பேசினாலே எழுத்தாகும் வசதி வந்துவிட்டது. பாட்டி பேசட்டும், கைப்பேசி எழுதட்டும், பேரப்பிள்ளை திருத்தட்டும். தோட்டத்துப் பேச்சு அதற்குச் சில இடங்களில் பிடிபடாது. ‘பெரட்டு’ என்றால் வேறெதையோ எழுதும். ஆகவே திருத்துவது கட்டாயம். திருத்தும்போது “பெரட்டு என்றால் என்ன பாட்டி?” என்று பிள்ளை கேட்குமே, அதுவும் ஒரு பாடந்தான்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண் இவற்றை ஒருபோதும் பொதுவில் எழுதாதீர்கள். இரண்டாவது, உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும்போது அவர் சம்மதத்தைக் கேளுங்கள். குடும்பச் சண்டையை அங்கே கொண்டுபோக வேண்டாம். மூன்றாவது, கேட்ட செய்தியைக் ‘கேட்டது’ என்றும், கண்டதைக் ‘கண்டது’ என்றும் பிரித்து எழுதுங்கள். நான்காவதுதான் மிக முக்கியம்: இணையத்தில் இருக்கிறது என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். ‘ஜியோசிட்டீஸ்’ என்று பெரிய இலவசத் தளம் ஒன்று இருந்தது. 2009-இல் அதை மூடினார்கள். வெள்ளம் காகிதத்துக்கு மட்டும் வருவதன்று. எழுதியதற்கு ஒரு படியைத் தனியே சேமித்து வையுங்கள். இன்னொரு படியைத் தாளில் அச்சிட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

இப்போது முகநூலும் புலனமும் வந்துவிட்டன; வலைப்பூவில் எழுதுவோர் முன்னைவிடக் குறைந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. அவசரச் செய்திக்கு அவை நல்லவை. ஆனால் நேற்றுப் புலனத்தில் வந்ததை அடுத்த ஆண்டு தேடினால் கிடைப்பது அரிது. நின்று நிலைக்க வேண்டியதை வலைப்பூவில் எழுதுங்கள். முகநூலில் அதற்கு வழி காட்டுங்கள்.

நேயர்களே, இன்றிரவு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் மிக மூத்தவர் யாரோ, அவரிடம் போய், “நீங்கள் வேலைக்குப் போன முதல் நாள் எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பத்து வரி எழுதி, மேலே தேதி போடுங்கள். கைப்பேசியில் எழுத வந்தால் அதில் எழுதுங்கள். வராவிட்டால் தாளில் எழுதி, பிள்ளையிடம் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். நான் தள்ளிப்போட்டது போல் நீங்கள் தள்ளிப்போட வேண்டாம்.